தூத்துக்குடி உப்புக்காற்றும் ஒரு பெயின்ட் ஸ்ப்ரேயரும்: நான்கு வருட அனுபவம்

கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இரும்புக்கு ஆயுசு குறைவு. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஒன்பது ஜன்னல் கிரில், ஒரு பெரிய கேட், மாடிப்படிக் கம்பி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வெல்டிங் வைத்த மூலைகளில் துரு கிளம்பிவிடும். சதுரக் கம்பியின் நாலு பக்கமும் பிரஷ் ஓட்டுவது எவ்வளவு பொறுமையான வேலை என்று அடித்தவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் கையில் பிடித்து அடிக்கும் மின்சார ஸ்ப்ரேயர் வாங்கினேன். 600 வாட் மோட்டார், 800 மில்லி டப்பா, கம்ப்ரசர் தேவையில்லை.

சுவருக்காக யாரும் இதை வாங்க வேண்டாம். ஹாலில் எமல்ஷன் அடித்துப் பார்த்தேன். வாளியில் இருக்கும் கெட்டியில் அது நாசிலுக்குள் ஏறவில்லை, திட்டுத்திட்டாகத் துப்பியது. தண்ணீர் கூட்டியதும் ஏறியது, ஆனால் பழைய நிறத்தை மூடவில்லை. அரை மணி நேரத்தில் ரோலரை எடுத்துவிட்டேன். பொங்கலுக்குக் காம்பவுண்ட் சுவரில் சுண்ணாம்பு அடிக்கவும் ஆகாது, அதில் இருக்கும் சிறு கல் நாசிலை அடைத்துவிடும்.

கிரில், சிமென்ட் ஜாலி, பலகை வைத்த ஜன்னல் கதவு, பிரம்பு நாற்காலி என்று பிரஷ் நுழையாத இடம் எதுவானாலும் இந்த மெஷினை மிஞ்ச ஆளில்லை. மொட்டைமாடி ஜாலியைப் பிரஷ்ஷால் முழு நாள் அடித்திருக்கிறேன். ஸ்ப்ரேயரில் முக்கால் மணி நேரம்.

பக்குவம் எல்லாம் கலப்பதில்தான் இருக்கிறது. எனாமலில் டர்பன்டைனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கூடவே வரும் அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, எத்தனை வினாடியில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஏடு ஒரு துணுக்கு போனாலும் அடைப்பு நிச்சயம். கிரில்லிலிருந்து ஒரு சாண் தூரம் விட்டு, கையை முதலில் நகர்த்தி, அப்புறம் விசையை அழுத்துங்கள். நின்ற இடத்தில் அழுத்தினால் வழியும். முதல் கோட் புகை படிந்த மாதிரி இருந்தால் போதும். இரண்டாவது கோட்டை மறுநாள் அடிக்கலாம்.

எங்கள் ஊரில் அதற்கும் முந்தின வேலை ஒன்று உண்டு. இரும்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல்லில் பிடித்துக் கழுவினால் பலனில்லை. உப்பு மேலே படிந்திருக்க ரெட் ஆக்சைடு (இரும்புக்கு அடிக்கும் பிரைமர்) அடித்தால், உள்ளே துரு தொடர்ந்து வேலை செய்து பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும். என் முதல் வருட வேலை அப்படித்தான் வீணானது. பழைய பெயின்டைத் தேய்க்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இங்கே அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய வீடுகளில் அந்தத் தூசி குழந்தைகளுக்கு நல்லதல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மரக் கதவுக்கு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிக்கலாமே என்று ஆசாரி ஒருவர் சொன்னார். சட்டென்று தீப்பிடிக்கும் திரவம் எதையும் ஊற்றக் கூடாது என்று என் மெஷினின் கையேட்டிலேயே இருக்கிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும், என்சி தின்னரின் ஆவிக்கு அந்தப் பொறி போதும். எனாமலையும் திறந்த வெளியில் மட்டுமே அடிக்கிறேன், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். ஆவியை உறிஞ்சும் கரி வைத்த முகமூடி வாங்குங்கள்.

கிரில்லின் இடைவெளி வழியாகப் பெயின்ட் நிறையப் போகும். பின்னால் அட்டை பிடித்தும், பிரஷ்ஷில் ஒரு லிட்டர் ஆகிற வேலைக்கு எனக்கு ஒன்றரை லிட்டர் ஆகிறது. ஆனி, ஆடிக் காற்றில் அடித்த ஒரே தடவை, பத்தடி தள்ளி நின்ற ஸ்கூட்டர் சீட் முழுக்கப் பச்சைப் புள்ளி. இப்போது தை, மாசியில் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அடித்து முடித்ததும் கழுவ இருபத்தைந்து நிமிடம். ஒரு நாள் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்ததில் நாசில் ஊசி இறுகிவிட்டது. இரண்டாம் வருடம் டப்பாவை நிறைத்துச் சாய்த்ததில் காற்றுக் குழாய்க்குள் பெயின்ட் ஏறி மெஷின் துப்பாமல் நின்றது. கழற்றி டர்பன்டைனில் ஊறவைத்ததும் சரியாகிவிட்டது. மூடியின் ரப்பர் வளையம் ஊதிப்போனதுதான் பெரிய தொல்லை, விற்ற கடையில் அந்த உதிரி கிடைக்க மூன்று மாதம் ஆனது. வாங்கும்போதே இரண்டு வளையமும் ஒரு நாசிலும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.