முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய படம்: பின்பலகையைத் திருப்பிப் பாருங்கள்

பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்களில் பலர் எனாமல் தூக்குவாளியும் மரத்தூணும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பழைய சாமி அச்சுப் படங்கள் கடையின் உள்பக்கம், சுவரோரமாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். கேட்டால்தான் வெளியே வரும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வந்த சரக்கு என்பதால் தேக்குச் சட்டம், கண்ணாடி, பின்பலகை மூன்றும் கலையாமல் கிடைக்க வாய்ப்புண்டு. இந்தத் தெருவின் பலம் அதுதான்.

பலவீனம், லட்சுமி சரஸ்வதி எதுவானாலும் ‘ரவிவர்மா படம்’ என்று சொல்லிவிடுவது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோணாவ்லா பக்கம் போய், ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. ஓவியர் 1906-இல் காலமான பிறகும் அதே பெயரில் படங்கள் வந்துகொண்டிருந்தன. எனவே அடியில் அச்சகப் பெயர் இருப்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. அந்த வரியே பல படங்களில் இருக்காது. சட்டத்துக்குள் அடங்க ஓரத்தை நறுக்கியிருப்பார்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். கல்லில் வரைந்து அச்சிடும் பழைய முறையான கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறி, நிறத்தின்மேல் நிறம் ஏறியிருக்கும். புள்ளிகள் வரிசைகட்டிப் பூப்போல வட்டமிட்டால் அது ஆஃப்செட், பிற்காலத்தது. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சும் உதவும்: காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அநேகமாக 1950-க்குப் பிந்தைய காகிதம்.

அடுத்து பின்பக்கம். பழைய சட்டத்தில் புதுப்படம் செருகுவது அதிகம் நடக்கிற வேலை. ஆணி துருவேறி மரத்தில் கறை விட்டிருக்க வேண்டும். புது ஆணியோ பக்கத்தில் காலி ஓட்டையோ தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். செல்லரித்த படத்தை மாற்றவும் திறந்திருக்கலாம், அதனால் காரணம் கேளுங்கள். பலகைகளின் இடுக்குக்கு நேராகக் காகிதத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் இரண்டும் வெகுகாலம் சேர்ந்தே இருந்தவை. பழசாகக் காட்டத் தேயிலை நீரில் தோய்த்த காகிதம் எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும்.

சாமிக்குத் துணியும் ஜரிகையும் ஒட்டிய படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் காணும் அழகு. இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் பழைய ஜரிகை கறுத்திருக்கும்; பிளாஸ்டிக் ஜிகினா மின்னினால் பிறகு ஒட்டியது.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைக் கடையிலேயே பிரித்துத் தரச் சொல்லாதீர்கள். ஈரம் ஏறி ஒட்டியது அது. இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். ஈரத்துணியால் துடைத்துக் காட்ட வந்தாலும் தடுத்துவிடுங்கள், மேலே பூசிய வார்னிஷ் வெளுத்துப்போகும்.

சட்டத்துக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பல நேரம் விலையில் பாதிக்கு மேல் தேக்குக்குத்தான் போகிறது. வெளிநாட்டு உறவினருக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க: நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டச் சொல்லுங்கள். உடைந்தாலும் சில்லு காகிதத்தைக் கிழிக்காது. படுக்கப் போடாமல் நிறுத்தியே எடுத்துப்போங்கள்.