எழுதுவதா, கட்டுவதா? சட்டப் பேராசிரியரின் இரண்டு பாதைகள்

உபேந்திர பக்‌ஷி, மாதவ மேனன் இருவருமே டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர்கள். ஆனால் போன வழி வேறு.

பக்‌ஷியின் ஆயுதம் பேனா. மதுரா என்ற பெண்ணைக் காவல் நிலையத்தில் காவலர்கள் வன்புணர்ந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், பெண்ணின் உடலில் காயம் இல்லை, எதிர்ப்பு இல்லை என்று சொல்லி, 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. அடுத்த ஆண்டு பக்‌ஷியும் சட்டப் பேராசிரியர் லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட மூன்று பேரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்று அதில் எடுத்துச் சொன்னார்கள். மடல் தெருப் போராட்டமாக வளர்ந்தது. 1983இல் சட்டமே மாறியது: காவலில் நடந்த வன்புணர்வில், சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும். ஒரு மடலால் இவ்வளவா என்று இன்றும் எனக்கு மலைப்புதான்.

மேனன் நிறுவனங்களைக் கட்டியவர். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, அப்புறம் கொல்கத்தாவில் சட்டப் பல்கலைக்கழகம், போபாலில் நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய நீதித்துறை அகாடமி. பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு என்பது நாடு முழுக்கப் பரவியதில் அவர் பங்கு பெரிது. ஆனால் துணைவேந்தர் நாற்காலி கட்டிடம், நிதி, நியமனம் என்று நாளை விழுங்கிவிடும்.

இளம் ஆசிரியர் கேட்டால், முதலில் எழுதுங்கள் என்பேன். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.