சுங்கை சிப்புட்: அண்ணனோடு கிளினிக்குக்குப் போன அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனபோது சொந்தபந்தங்களைப் பார்த்ததைவிட கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். பெரியப்பா மகனுக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த புதிதில் தொற்றிய ஊசிப் பழக்கம். இப்போது அந்தப் பழக்கத்தை விட உதவும் மெத்தடோன் மருந்து குடிக்கிறார், எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. பேர் போடாமல் எழுது என்று சொன்னவரும் அவர்தான்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் இருக்கலாம் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஈப்போவில் ஒரு தனியார் லேப்பில் ரத்தம் கொடுத்து, 'பாசிட்டிவ்' என்று ஒரு தாள் வாங்கி வந்திருக்கிறார். அடுத்து எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. ஈரலுக்கு நல்லது என்று ஒரு டானிக்கை விற்று அனுப்பிவிட்டார்கள். கேட்டதும் வயிறு எரிந்தது. அந்தத் தாளுக்கு அர்த்தம், கிருமி என்றோ உடம்புக்குள் வந்தது என்பதுதான். இன்னும் இருக்கிறதா என்பதற்கு, ரத்தத்தில் கிருமியையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை எடுக்க வேண்டும்.

"எச்.ஐ.வி. அடங்கித்தானே இருக்கு தம்பி, இது என்ன பண்ணப் போவுது?" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் எச்.ஐ.வி. கூட இருந்தால் ஹெபடைட்டிஸ் சி ஈரலை வேகமாகத் தழும்பாக்குகிறது. சி மட்டும் உள்ளவர்களைவிட ஈரல் சுருங்கிப்போகும் ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு என்று பழைய ஆய்வுகள் கணக்கிட்டன. எச்.ஐ.வி. மருந்து அந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்திவிடாது. சி இருப்பதால் எச்.ஐ.வி. முற்றுமா என்பதில்தான் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2000-இல் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு, சி உள்ளவர்களுக்கு, எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4 அணுக்கள் மருந்து எடுத்தும் மெதுவாகவே ஏறுகின்றன, நோயும் முற்றுகிறது என்றது. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வு அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. எது சரியானாலும் அண்ணனுக்கு அவசரம் ஈரல்தான்.

அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்தது நெடுநேரம். ஆனால் உள்ளே போனதும் இளம் டாக்டர் நிதானமாகப் பேசினார். ரத்தத்தில் உள்ள ஒரு ஈரல் என்சைமையும் பிளேட்லெட்டையும் வைத்து, தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுத் தழும்பு எவ்வளவு இருக்கலாம் என்று காட்டினார். பிறகு, "சாப்பிடுற மருந்தெல்லாம் எடுங்க அண்ணே" என்றார். பிளாஸ்டிக் பையிலிருந்து எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை வெளியே வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். அது இருந்தால் ஹெபடைட்டிஸ் சி-க்குக் கொடுக்கும் டாக்லாடஸ்விர் மாத்திரை வழக்கமான 60 மில்லிகிராம் போதாது, 90 வேண்டும். இன்னொரு ஈரல் கிருமியான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்க எழுதிக் கொடுத்தார். சி போகும்போது பி தலைதூக்கலாமாம்.

2017-இல் காப்புரிமையைத் தாண்டி, டாக்லாடஸ்விரோடு சேர்த்துக் கொடுக்கும் சொஃபோஸ்புவிர் என்ற ஹெபடைட்டிஸ் சி மருந்தை மலிவாக வாங்க மலேசிய அரசு எடுத்த முடிவு துணிச்சலானது. அடுத்த வருஷமே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை தொடங்கியது. மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. ஈரல் சுருங்காதவர்களுக்கு 12 வாரம். எச்.ஐ.வி. இருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. இவ்வளவு இருந்தும் நம் ஆட்கள் டானிக் குடித்துக்கொண்டிருப்பது நெஞ்சை அறுக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு போய் ஆர்.என்.ஏ. சோதனை கேளுங்கள். குணமான பிறகும் அந்த முதல் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும், பயப்பட வேண்டாம். ஆனால் ஊசியைப் பகிர்ந்தால் கிருமி மறுபடி வரும்.