அழையாமல் வந்து விற்கப்பட்ட தண்ணீர் வடிகட்டி

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் தனியே வசிக்கும் என் பெரியம்மாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பொருத்தப்பட்ட தண்ணீர் வடிகட்டியையும், அது விற்கப்பட்ட முறையையும் பற்றிய மதிப்புரை இது. கருவியில் பெரிய குறை இல்லை; ஒழுக்கு இல்லை, நீர் சீராக வந்தது. ஆனால் இரண்டாயிரம் வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மேற்பட்ட விலைக்கு அது தகாது. பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய்நீரை வடிகட்டாமல் அப்படியே குடிக்கலாம்.

என் கண்டனம் விற்பனை முறையின் மீதுதான். முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டிய விற்பனையாளர், குழாய்நீரிலும் வடிகட்டிய நீரிலும் மின்முனைகளை இறக்கி, குழாய்நீர் மட்டும் பழுப்பு நிறமாவதைக் காட்டி, அது அழுக்கு என்று பெரியம்மாவை நம்பவைத்திருக்கிறார். உண்மையில், குழாய்நீரில் இயல்பாக உள்ள தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு மின்முனை கரைந்து, அந்த இரும்பே நீரைப் பழுப்பாக்குகிறது. தாதுக்கள் நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாததால் அது தெளிவாகவே இருக்கும். நீரின் தூய்மைக்கும் இச்சோதனைக்கும் தொடர்பே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை அவருடைய சமையலறையிலேயே இப்படிப் பயமுறுத்தியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பேச்செல்லாம் பெரியம்மாவுக்குப் பழகிய மலாயில் நடந்தது. அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தமோ முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பரிவர்த்தனையின் தன்மையையோ மொழியையோ விளைவையோ புரிந்துகொள்ள இயலாத நிலையில் வாங்குபவர் இருக்கிறார் என்று தெரிந்தும் அதைப் பயன்படுத்திக்கொள்வது, பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின்படி நியாயமற்ற செயல். மேலும், அழையாமல் வீட்டுக்கு வந்து செய்யும் விற்பனையை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்கள் நீங்கலாக 5 நாள்களுக்குள் ரத்து செய்யும் உரிமையை 2009ஆம் ஆண்டின் விதிமுறைகள் வழங்குகின்றன. அந்த உரிமையை வாங்குபவரின் கவனத்துக்குக் கொண்டுவருவது விற்பவரின் கடமை. பெரியம்மாவிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

பெரியம்மாவின் பெயரில் ரத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாது என்று நிறுவனம் முதலில் மறுத்தது. விதிமுறையைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதிய பின்னரே, கருவியைக் கழற்றிக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தந்தது. மீண்டும் மறுத்திருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடியிருப்போம். அதற்கும் அப்பால், வழக்கறிஞர் இல்லாமலே வாதிடக்கூடிய சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கு 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்துபூர்வமாக இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும், 2 ஆண்டுகளுக்குள் கோரலாம். ஆனால் இணையம்வழி விண்ணப்பிப்பது பெரியம்மா போன்றோருக்குத் தனியே ஆகக்கூடிய காரியமன்று. பிள்ளைகளோ அண்டை வீட்டாரோ உடனிருக்க வேண்டும்.

இந்நிறுவனத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வீடு தேடிச் சென்று விற்கும் எந்த நிறுவனமும், ரத்து செய்யும் உரிமையை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே, முதியவர்கள் படிக்கக்கூடிய பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.