பணம் கட்டும் முன் படத்தைக் காட்டும் கடை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில் உள்ள ஓர் இணைய சேவைக் கடையைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. நிலவரி கட்டுவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, நகல் எடுப்பது எனப் பல வேலைகள் அங்கே நடந்தாலும், சாலைக் கேமரா அனுப்பும் அபராத அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருபவரை அவர் நடத்தும் விதத்தை மட்டுமே நான் இங்கே மதிப்பிடுகிறேன்.

எங்கள் பகுதியில் இந்தச் சேவை ஏன் தேவைப்படுகிறது என்பதை வெளியூர் வாசகர்களுக்கு முதலில் விளக்க வேண்டும். கேரள அரசு 2023 ஏப்ரலில் 726 கேமராக்கள் கொண்ட திட்டத்தைத் தொடங்கி, அவ்வாண்டு ஜூன் 5 முதல் அபராதம் விதிக்க ஆரம்பித்தது. அவற்றில் 675 கேமராக்கள் தலைக்கவசம், சீட் பெல்ட், கைப்பேசி போன்றவற்றைக் கவனிப்பவை. சிவப்பு விளக்கைத் தாண்டுவோரைப் பிடிப்பவை 18 மட்டுமே. சித்தூர் வட்டத்துத் தமிழர்களாகிய நாங்கள் சந்தைக்குப் பொள்ளாச்சியும், படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கோவையும், அரசு அலுவல்களுக்குப் பாலக்காடும் செல்கிறவர்கள் என்பதால், ஒரே நாளில் இரண்டு மாநிலங்களின் கேமராக்களுக்கு முன்னால் வண்டி ஓட்டுகிறோம். சட்டம் ஒன்றுதான் என்றாலும் தொகை வேறுபடுகிறது: தலைக்கவசம் இல்லாமல் போனால் எல்லைக்கு இந்தப் பக்கம் 500 ரூபாய், அந்தப் பக்கம் 1,000 ரூபாய்.

மொழியும் ஒரு தடைதான். தகவல் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வருகிறது. மலையாளத்தைச் சரளமாகப் பேசும் எங்கள் பெரியவர்கள் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. மலையாளத்தில் ‘பிழ’ என்றால் அபராதம், நமக்குப் பிழை என்றால் தவறு. அபராதம் வந்துவிட்டாலே தவறு செய்துவிட்டோம் என்று எண்ணி, கேள்வி கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடைக்காரர் அப்படிக் கட்ட விடுவதில்லை. “மொதல்ல படத்தப் பாத்துக்குங்கண்ணா, பணத்த அப்பறம் கட்டிக்கலாம்” என்றுதான் அவர் என்னிடமும் சொன்னார்.

முதல்முறை நான் போனது என் மைத்துனர் தலைக்கவசமில்லாமல் என் ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வந்ததற்காக. அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் படத்தைத் திறந்து காட்டினார்; எண் பலகையும் எங்கள் இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தன. கட்டிவிட்டு ரசீதுடன் பத்து நிமிடத்தில் திரும்பினேன்.

இரண்டாவது அறிவிப்புதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. ஒரு நகரச் சந்திப்பில் சிவப்பு விளக்கை மீறி என் கார் சென்றதாக அதில் இருந்தது. அது எந்த அலுவலகம் அனுப்பியது என்பது இங்கே தேவையில்லை. படத்தில் என் கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்றது, விளக்கு சிவப்பாக இருந்தது. பார்த்தவுடன் நானே பணத்தை எடுத்துவிட்டேன். கடைக்காரரோ படத்தைப் பெரிதாக்கி, எனக்கு முன்னால் ஒரு பேருந்து பிரேக் விளக்கு எரிய நின்றுகொண்டிருப்பதைக் காட்டினார். நான் உள்ளே நுழையும்போது விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று அவர் கேட்டபோதுதான், மஞ்சள் விழுவதற்கு முன்பே நுழைந்து, பேருந்து நகராததால் நடுவில் மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. சிவப்பு விழுந்த பிறகு கோட்டைத் தாண்டியதை நிரூபிக்க, சிவப்பு எரியும்போது வண்டி கோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு படமும், தாண்டிய பின் மற்றொரு படமும் வேண்டும். அறிவிப்பில் இரண்டாவது மட்டுமே இருந்தது. சந்திப்பு காலியாகும் முன் நுழைந்தது என் தவறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்மீது எழுதப்பட்டது அந்தத் தவறு அல்ல.

மறுப்பு மனுவை அவரே ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டி, என் ஒப்புதல் பெற்ற பிறகே பதிவேற்றினார். ஒரு மாதத்துக்கும் மேல் எந்தப் பதிலும் வராமல் கவலைப்பட வைத்துவிட்டு, பின்னர் அறிவிப்பு ரத்தானதாகக் குறுஞ்செய்தி வந்தது.

மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பது இதில் சிறிய விஷயமல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி, பிறகு உலுக்காமல் நிற்கச் சுமார் 32 மீட்டர் என்று வைத்தால், மொத்தம் 46 மீட்டர் வேண்டும். மஞ்சள் 3 நொடிதான் என்றால் அதற்குள் 42 மீட்டர் மட்டுமே கடக்க முடியும். கோட்டிலிருந்து 44 மீட்டரில் இருக்கும்போது மஞ்சளைப் பார்ப்பவரால் ஒழுங்காக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தன் மனைவிக்கு 2013-இல் வந்த சிவப்பு விளக்கு அபராதத்தைத் தொடர்ந்து, மஞ்சள் விளக்குக் கணக்கில் திரும்பும் வண்டிகள் விடுபட்டிருப்பதை மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர் ஆராய்ந்து சொன்னார். உரிமம் இல்லாமல் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதற்காக அவருக்கே 500 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் நீதிமன்றம் சென்று வென்றார், கணக்கும் பின்னர் திருத்தப்பட்டது.

இதைப் படித்துவிட்டு, நான் கேமராக்களுக்கு எதிரானவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர் எங்களுக்குப் பக்கத்துக் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். மின்னணுக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று 2024 செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்த வழக்கில்தான். உடைந்த கால்களை நாள்தோறும் பார்த்த ஒருவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதே நேரத்தில், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி கேமராவுக்கும் நிபந்தனை வைத்தது: கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், கண்காணிப்பு இருப்பதைச் சொல்லும் பலகை வேண்டும், எண் தெரியும் தெளிவான படம் வேண்டும், அறிவிப்பை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இந்த நான்கையும் கடைக்காரர் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். வேறெந்தச் சேவைக் கடையிலும் இதை நான் கண்டதில்லை.

குறைகளும் உள்ளன. மற்றவர்களுடைய ஆர்.சி. நகல்கள் கணினித் திரையிலேயே கிடக்கின்றன. அன்றன்றே அழிக்க வேண்டும் என்று சொன்னேன், தலையசைத்தார், அடுத்த முறை போனபோதும் அப்படியே இருந்தன. இது மன்னிக்கக்கூடிய அலட்சியம் அல்ல. மாலையில் கூட்டம் சேர்ந்தால் முக்கால் மணிநேரம்கூட நிற்க வேண்டியிருக்கும், உட்கார இரண்டு நாற்காலிகளே உள்ளன.

வாட்ஸ்அப்பில் அபராத அறிவிப்பு என்று வரும் செயலிக் கோப்பைத் திறந்து, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை இழப்பவர்கள் பெருகிவரும் காலம் இது. அப்படி ஒன்று வந்த ஒரு பெரியவரிடம் அதைத் தொடக்கூடாது என்று கடைக்காரர் சொல்லி, அரசின் தளத்தில் அவருடைய வண்டி எண்ணைப் போட்டு, அபராதம் எதுவும் இல்லை என்பதைக் காட்டி அனுப்பியதை நானே பார்த்தேன். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அபராதம் கட்டிக்கொடுக்க 30 ரூபாயும், மறுப்பு மனு எழுத 100 ரூபாயும் வாங்குகிறார். ஞாயிறு விடுமுறை. ஆர்.சி. நகலுடன், வண்டிப் பதிவில் உள்ள எண்ணுக்குரிய கைப்பேசியையும் கொண்டு செல்லுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். காலை பதினொரு மணிக்கு முன் போனால், படத்தை நிதானமாகப் பார்க்க அவருக்கும் நேரம் இருக்கும்.