நாலு வருடமாக 5800எக்ஸ்: வேகத்தில் குறையில்லை, அந்த ஃபேன்தான்

"5800எக்ஸ் விலை இறங்கியிருக்கிறது. 3600-ஐக் கழற்றிவிட்டு அதைப் போடட்டுமா?" என்று போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டான். இரண்டுமே கணினியின் மூளையான ப்ராசசர்கள், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசை. 2021 கடைசியில் நான் செய்ததும் இதே மாற்றம்தான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பி450 மதர்போர்டிலேயே பயாஸை, அதாவது போர்டின் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்துவிட்டு ப்ராசசரை மட்டும் மாற்றினேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்வது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு பாடத்தின் இரைச்சலை நீக்கி எம்பி3 ஆக்குவதற்குள் முன்பெல்லாம் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இப்போது தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அந்த சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

ஆனால் அந்தச் சத்தம்! ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரின் ஃபேன் கத்துகிறது என்று சொல்ல மாட்டேன். ஏறி இறங்குகிறது, அதுதான் தொல்லை. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே வெப்பம் ஒரு நொடியில் 45 டிகிரியிலிருந்து 65-க்குத் தாவும். உடனே ஃபேன் சீறும், மூன்று நொடியில் அடங்கும், மறுபடி சீறும். ப்ராசசருக்குள் வேலை செய்யும் எட்டு கோர்களும் சுமார் 80 சதுர மில்லிமீட்டரே உள்ள ஒரு துண்டு சிலிக்கானில் உட்கார்ந்திருக்கின்றன. முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். அத்தனை சின்ன இடத்திலிருந்து வெப்பம் வெளியேறவே நேரமாகும் என்பதால் கூலரைப் பெரிதாக்கினாலும் அந்தத் தாவல் போகாது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டாவதாக ஒரு பெரிய கூலர் வாங்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

ஒரே சீராக ஓடும் இரைச்சல் என்றால் கவலையில்லை. அதன் மாதிரியைக் காட்டினால் மென்பொருள் சுத்தமாக எடுத்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை அப்படி எடுக்க முடியாது, எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து கெடும். ஒரு மே மாதம், கத்திரி வெயில். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலை ஐம்பது நிமிடம் வாசித்தேன். பிறகு போட்டுக் கேட்டால், திரையில் பக்கம் தள்ளிய இடத்திலெல்லாம் ஒரு 'ஊங்...' எழுந்து அடங்குகிறது. மொத்தத்தையும் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு வந்த கோபம் இப்போதும் இருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் ப்ராசசர் மேல் தப்பில்லை. 90 டிகிரி வரை தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வெப்பம் கொஞ்சம் தாவியதுமே ஃபேனை விரட்டுவது போர்டில் வந்த அமைப்பு. பயாஸில் இரண்டே இரண்டு இடங்களை மாற்றினேன். முதலில், ஃபேன் உடனே பதறாமல் சில நொடி பொறுக்கும்படி வைத்தேன். அப்புறம் மின்வரம்பை 142 வாட்டிலிருந்து 88-க்கு இறக்கினேன். முழு வேலையில் 86 டிகிரி காட்டியது 68-க்கு வந்துவிட்டது. எம்பி3 ஆக்க ஆகும் நேரமோ பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் மின்னழுத்தத்தை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது. வெப்பமோ அந்த அழுத்தத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும். அந்தக் கடைசித் துளி வேகம் என் வேலைக்குத் தேவையே இல்லை.

இப்போது ஃபேன் நிமிடத்துக்கு 800 சுற்றிலேயே நிற்கிறது. பதிவில் அதன் சத்தம் கேட்பதே இல்லை. இவ்வளவு சொல்லிவிட்டு, நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. நான் வாங்கியபோது இதன் தம்பியான 5700எக்ஸ் வரவில்லை, அது 2022-இல்தான் வந்தது. அதிலும் எட்டு கோர்தான். உச்ச வேகம் 4.7-க்குப் பதில் 4.6 கிகாஹெர்ட்ஸ், மின்வரம்பு 76 வாட். நான் தேடித் தேடிக் கண்டுபிடித்தது பெட்டியைத் திறக்கும்போதே உனக்குக் கிடைத்துவிடும். என்னுடையதை விற்பேனா என்று கேட்காதே, விற்க மாட்டேன்.

5700எக்ஸ் கிடைக்காமல் இதைத்தான் வாங்க வேண்டி வந்தால், மாட்டிய அன்றைக்கே பயாஸைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடு.