எல்லை மலைகளின் மழைக்கு எந்தக் கோட்டு?

10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று, துணி எத்தனை மி.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதைச் சொல்லச் சீட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து மழைக்கோட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம். வால்பாறை, மலக்கப்பாறை, கூடலூர், குமுளி என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் காடுகளில் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. ஜூன் மாதம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இங்கே கோட்டுக்குள் ஆளை நனைப்பது பெரும்பாலும் மழையே இல்லை, வியர்வை.

இணையத்தில் கிடைக்கும் நல்ல அலசல்கள் எல்லாம் வேட்டைக்காரர்களுக்காக எழுதியவை. சிட்கா, குயூ என்று கம்பெனிப் பெயர் சொல்லி ஒவ்வொரு ஜிப்பையும் பிரித்து மேய்ந்திருப்பார்கள். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. இன்று அடைமழையில் காட்டுக்குள் நடப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், எஸ்டேட் ஆட்கள். ஆனாலும் தேவை ஏறக்குறைய அதேதான்: சத்தம் போடாத துணி, முள்ளுக்குத் தாங்கும் துணி, நாள் முழுக்க ஏறி இறங்க விடும் துணி. வேறுபடுவது குளிர் ஒன்றுதான். அந்த ஒரு வேறுபாடே எந்தக் கோட்டு முதலில் என்ற வரிசையை மாற்றிவிடுகிறது.

கோர்-டெக்ஸ் மாதிரியான சவ்வுத் துணியில், அதாவது தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மெல்லிய படலம் ஒட்டிய துணியில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அதிகப் பணம் போவது அதில்தான். சவ்வு 'மூச்சு விடும்' என்கிறார்கள். அது தானாக விடுவதில்லை. உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆவி வெளியே தள்ளப்படும். கோட்டுக்குள் 30 டிகிரி, முழு ஈரம் என்று வைத்தால் அழுத்தம் சுமார் 42 ஹெக்டோபாஸ்கல். வெளியே 5 டிகிரி மழை என்றால் சுமார் 9. வித்தியாசம் 33. ஜூலை மாத வால்பாறை மழையை 20 டிகிரி, நூறு சத ஈரப்பதம் என்று எடுத்துக்கொண்டால் வெளி அழுத்தம் 23; வித்தியாசம் 19 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது அதே கோட்டு, அதே விலை, பாதிக்குச் சற்று மேலான வேலை. பரம்பிக்குளம், டாப்சிலிப் மாதிரித் தாழ்ந்த இடங்களில் வெக்கை கூடக்கூட இன்னும் மோசம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சீட்டில் 10,000 கிராம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் கடத்தும் ஆவி. ஒரு கோட்டில் சுமார் ஒன்றரை சதுர மீட்டர் துணி இருக்கும். மணிக்கு 625 கிராம் வருகிறது. மூட்டையோடு மேடேறும் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை சாதாரணமாக வரும். காகிதத்தில் சமாளித்துவிடும் போலத் தெரிகிறது. ஆனால் அந்த 10,000 ஆய்வுக்கூடத்துச் சாதகமான நிலையில் எடுத்த அளவு. முதுகில் பை அழுத்தும் இடத்தில் ஒன்றும் போகாது. வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால் மீதியும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். விடாமல் பெய்யும் மழையில் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வெளித்துணி ஊறிப்போவது சகஜம்.

அப்படியானால் சவ்வுக் கோட்டே வேண்டாமா? கிராஸ் ஹில்ஸ் மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே புல்வெளி முகடுகளில் வேலை என்றால் வேண்டும். அங்கே மழைக்காற்றில் 12 டிகிரிக்கு இறங்கினால் அழுத்த வித்தியாசம் 28 வரை ஏறிவிடும். சவ்வு வேலை செய்யும். அங்கே நனைந்தபடி காற்றில் நிற்பதும் உயிருக்கு ஆபத்தான விஷயம்: நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், பிறகு நடை தள்ளாட்டம். அந்த இடத்துக்கு மூன்றடுக்குத் துணி, 40 டெனியருக்கு (நூலின் தடிமன் அளவு) குறையாமல், அக்குளில் நீளமான ஜிப்போடு வாங்க வேண்டும். இரண்டரை அடுக்கு எனப்படும் மெல்லிய வகை பைக்குள் சின்னதாக மடங்கும். ஆனால் உள்பக்கம் வழுவழுப்பாக உடம்பில் ஒட்டும், 20 டெனியர் துணியைப் பிரம்புக் கொடி ஒரே இழுப்பில் கிழித்துவிடும். பிரம்பின் வளைமுள் பின்னோக்கி இருப்பதால், மாட்டியதும் நாம் முன்னே நடக்க நடக்கக் கிழிசல் நீளும். அப்போது ஒரு எட்டு பின்னால் வந்து எடுத்துவிடுவதே வழி.

வெளிநாட்டு வேட்டைக் கோட்டுகளில் ஒரு தனி வகை உண்டு. இலை உரசினாலும் சத்தம் வராமல் இருக்க வெளிப்பக்கம் பஞ்சுபோலத் தேய்த்த துணி. கையில் தொட்டால் அருமையாகத்தான் இருக்கும். நம் மழைக்கு அதைவிடத் தவறான தேர்வு கிடையாது. அந்தப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். முகாம் ஷெட்டில் மூன்று நாள் தொங்கவிட்டாலும் காயாது. நாலாம் நாள் பூஞ்சை வாடை. மெழுகு பூசிய பருத்திக் கோட்டுக்கும் இதே கதிதான்.

அடுத்தது பாலியூரித்தேன் பூசிய நைலான் கோட்டு, சுருக்கமாகப் பூச்சு நைலான். நடக்கிற வேலைக்கு இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லலாம். 70 டெனியர் துணி, 350 முதல் 450 கிராம் எடை, தொடை வரை நீளம், அக்குள் ஜிப் அல்லது முதுகில் மூடியிட்ட காற்றுவழி. ஆவி கடத்துவதில் சவ்வுக்குக் கீழேதான். ஆனால் நம் வெக்கையில் அந்த இடைவெளி குறைவு, காற்றுவழி இருந்தால் அதுவும் ஈடாகிவிடும். விலை சவ்வில் சிறு பங்கு. கிழிந்தால் மனசு கனக்காது. சீட்டில் மி.மீ. எண் எவ்வளவு வேண்டும்? 65 கிலோ ஆள் ஈரப்பாறையில் உட்கார்ந்தால், 400 சதுர செ.மீ. பரப்பில் எடை படுகிறது என்று வைத்தால், சராசரி அழுத்தம் 1,600 மி.மீ. தண்ணீருக்குச் சமம். எலும்பு படும் இடத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே 2,000 மி.மீ. கோட்டு நின்றால் தாங்கும், உட்கார்ந்தால் கசியும். 5,000 போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தைத் துணியின் தடிமனிலும் ஜிப்பிலும் போடலாம்.

இதன் பலவீனம் வயது. பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்லச் சிதையும்: முதலில் புளித்த வாடை, பிறகு பிசுபிசுப்பு, பிறகு செதிலாக உரிதல். உபயோகிக்காமல் பீரோவில் மடித்து வைத்த கோட்டுதான் சீக்கிரம் கெடும். மழைக்காலம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்து, மடிக்காமல், காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். பிசுபிசுப்பு வந்துவிட்டால் மீட்க வழியில்லை.

பி.வி.சி. கோட்டை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 2025 வரை நடப்பில் இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இன் 17-ஆம் பிரிவே குடை, கம்பளி, மழைக்கோட்டு பற்றிப் பேசியது. இங்கே மழை அவ்வளவு அன்றாட விஷயம். பி.வி.சி.யின் மூட்டுகள் சூட்டில் ஒட்டியவை என்பதால் தையல் ஓட்டை வழியாகக் கசிவு இல்லை. எவ்வளவு மழையிலும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஆவியும் ஒரு துளி வெளியே போகாது. எனவே உட்கார்ந்த வேலைக்கு இதற்கு ஈடில்லை: கண்காணிப்புக் கோபுரம், சோதனைச் சாவடி, ஜீப்பின் பின்பக்கம், இரவில் யானை விரட்டக் காவல் இருப்பது. நடக்க ஆரம்பித்தால் அரை மணியில் உள்சட்டை பிழியலாம். மேலும் கீழுமாகச் செட் ஒரு கிலோவைத் தொடும். மடித்த இடத்தில் வெடிக்கும், அக்குளில் கிழியும். பழைய ரப்பர் பூசிய துணிக் கோட்டு, டக்பேக் வகையறா, இதைவிட நெளிவாக இருக்கும். சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனும் ஒரு துண்டு டியூப்பும் இருந்தால் ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். கனம் மட்டும் இன்னும் கூடுதல்.

தலையை நுழைத்துப் போர்த்திக்கொள்ளும் போஞ்சோவுக்குக் கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் காற்று தாராளம். முதுகுப் பையும் சேர்ந்து மூடும். தேயிலைக் காட்டுச் சாலையிலும், சாரலோடு நின்றுவிடும் கம்பம் பக்கத்துச் சரிவுகளிலும் வசதியான பொருள். உண்ணிச்செடிப் புதருக்குள் அது நிற்காது, முகட்டுக் காற்றில் முகத்தை மூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் காலை நாமே பார்க்க முடியாது. அட்டை ஏறுவதும் தெரியாது, வழுக்குப் பாறையின் விளிம்பும் தெரியாது. குடை தார்ச்சாலையோடு சரி. காட்டில் ஒரு கை தடிக்கு வேண்டும், இன்னொரு கை பிடிக்க வேண்டும்.

எந்தக் கோட்டாக இருந்தாலும் விற்பனைக் குறிப்புகளில் வராத ஒரு விஷயம் தலைமூடி. மழை பெய்யும்போது யானை மணமும் வராது, குச்சி முறியும் சத்தமும் தெளிவாகக் கேட்காது. அந்த நேரத்தில் காதை மூடி, பி.வி.சி. தலைமூடியில் சடசடவென்று சொட்டு விழ நடப்பது, பக்கத்தில் நிற்கும் காட்டுமாட்டைக்கூடத் தெரியாமல் செய்துவிடும். திரும்பினால் தலை மட்டும் திரும்பி, மூடி முன்னே பார்த்தபடி நிற்கும். ஆகவே தலையின் பின்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் தலைமூடியைக் கீழே தள்ளிவிட்டு, விளிம்பு வைத்த தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு என்று நடப்பது பாதுகாப்பு. கொஞ்சம் நனையும். நனையட்டும்.

நிறத்தில் நீலம், வெள்ளை, பளபளப்பு வேண்டாம். மான் வகைகளுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். மங்கிய பச்சையோ காவி பழுப்போ போதும்.

கடையில் மூன்று சோதனைகள். துணியை வாயில் வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வந்தால் அது காற்றுக்கோட்டு, மழைக்கோட்டு அல்ல. உள்ளே திருப்பி எல்லாத் தையலிலும் டேப் ஓடுகிறதா பாருங்கள். தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டிவிட்டுப் பக்கத் தையலை விட்டுவிடுவது மலிவு வகைகளின் வழக்கம். தடியைப் பிடிப்பதுபோலக் கையை உயர்த்துங்கள். மணிக்கட்டு வெளியே வந்தால் தண்ணீர் முழங்கை வரை ஓடும். வீட்டுக்கு வந்ததும் நாலாவது: ஒரு கையைத் தொட்டிபோலப் பிடித்து ஒரு மக் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். சொட்டினால் மாற்றிவிடலாம்.

உள்ளே பருத்திச் சட்டை போட்டால் கோட்டின் விலை வீண். முழுக்கைச் சட்டையின் நுனி வெளியே நீட்டினால் திரிபோலத் தண்ணீரை மேலே இழுக்கும். மடித்து ஏற்றிவிட வேண்டும். மெல்லிய பாலியஸ்டர் பனியன் போதும், மாற்று ஒன்று பாலிதீன் பையில்.

பராமரிப்பில் பெரும்பாலோர் சறுக்குவது அட்டை மருந்தில். வேப்பெண்ணெயும் புகையிலைச் சாறும் கோட்டில் பட்டால் அந்த இடம் தண்ணீரை உருட்டாமல் உறிஞ்ச ஆரம்பிக்கும். டீட் கலந்த கொசுக் களிம்பு பி.வி.சி.யையே இளக்கும். காலுறைக்கும் பூட்ஸுக்கும் தடவுங்கள், கையைத் துடைத்துவிட்டுக் கோட்டைத் தொடுங்கள். உப்புப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டால் ஈரத்தில் கசிந்து ஜிப்பின் ஓடியை அரித்துவிடும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. மிதமான சோப்பு, இரண்டு முறை அலசல். சவ்வுக் கோட்டில் தண்ணீர் உருளாமல் பரவினால், காய்ந்த பிறகு மேலே ஒரு மெல்லிய துணி விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் வெளிப்பூச்சு ஓரளவு மீளும். பி.வி.சி.யை இஸ்திரிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அடுப்புக்கு மேலே கட்டும் கொடியில் எந்தக் கோட்டையும் போடக்கூடாது: நைலான் சுருங்கி உருகும், தையல் டேப் விட்டுவிடும், புகை வாடை அடுத்த மழைக்காலம் வரை கூடவே வரும்.